தெருவுக்கு அடியில் நடக்கும் வேலை: ஒரு திறந்த மடல்

அமெரிக்க ஊர்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

அமெரிக்காவின் குடிநீர்க் குழாய்களும் பாதாளச் சாக்கடைகளும் உள்ளூர்ச் சாலைகளும் பெரும்பாலும் அந்தந்த ஊரின் சொத்து. அவற்றைப் போட்டது ஊர். பழுது பார்க்க வேண்டியதும் ஊர். அதற்கான பணம் தண்ணீர்க் கட்டணமாகவும் சொத்து வரியாகவும் வீடுவீடாகத் திரட்டப்படுகிறது. 2021 நவம்பரில் சுமார் 1.2 லட்சம் கோடி டாலர் மதிப்பிலான கட்டமைப்புச் சட்டம் வாஷிங்டனில் நிறைவேறியது. ஆனாலும் எந்தத் தெருவை முதலில் தோண்டுவது, யாரிடம் எவ்வளவு வாங்குவது என்ற தீர்மானங்கள் நகர மன்றங்களின் கையிலேயே இருந்தன. அந்தத் தீர்மானங்களைத் திறமையாக எடுத்த ஊர்கள் சில உண்டு, தவறவிட்ட ஊர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது. புதிய கருவிகளைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம். மண்ணுக்கடியில் என்ன கிடக்கிறது என்று தேடி அறியும் பொறுமையும், செலவை யார் ஏற்பது என்று முடிவெடுக்கும் துணிவும்தான் அரிதாக வாய்த்தன. அவை வாய்த்த இடங்களில் கருவியும் பயன்பட்டது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஈயக் குழாய்களின் கதை. குடிநீரில் ஈயம் கலப்பது பெரும்பாலும் ஆற்றிலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ நடப்பதில்லை. தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்புக் குழாயும் வீட்டுக்குள்ளிருக்கும் பழைய பற்றவைப்புகளும்தான் காரணம். ஈயம் எளிதில் வளையும், நெடுநாள் உழைக்கும் என்பதால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே நகரங்கள் அதை விரும்பிப் பதித்தன. சிகாகோவின் கட்டட விதிகள் 1986 வரை வீட்டு இணைப்புகளுக்கு ஈயத்தையே கட்டாயமாக்கியிருந்தன. அந்த ஆண்டு மத்திய அரசு தடை விதித்த பிறகே அது நின்றது. இன்று நாட்டிலேயே மிக அதிகமாக, சுமார் 4 லட்சம் ஈய இணைப்புகள் சிகாகோவில் இருப்பதற்கு அதுவே காரணம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று இல்லை.

தண்ணீரில் பாஸ்பேட் போன்ற பொருளைச் சிறிதளவு கலந்தால் குழாயின் உட்சுவரில் ஒரு படலம் படிந்து ஈயம் கரைவதைத் தடுக்கும். மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காகக் குடிநீர் ஆதாரத்தை ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாற்றியபோது இந்தப் பாதுகாப்பைச் செய்யாமல் விட்டார்கள். படலம் கரைந்தது, சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊரின் தண்ணீரில் ஈயம் இறங்கியது. குடியிருப்போர் பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக் கூட்டங்களுக்கு எடுத்து வந்தும், நீர் நன்றாக இருக்கிறது என்றே மாதக்கணக்கில் பதில் வந்தது. குழாயின் தவறோடு காது கொடுக்காத நிர்வாகத்தின் தவறும் சேர்ந்தே அந்த ஊரைக் கெடுத்தது.

ஃப்ளின்ட்டுக்கு வெகு முன்பே வேறு வழியில் போன ஊர் ஒன்று உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன், ஏரிகளுக்கு நடுவே அமைந்த நகரம். பாஸ்பேட் கலந்தால் அது கடைசியில் ஏரிகளில் சேர்ந்து பாசியைப் பெருக்கும் என்று நகரம் அஞ்சியது. படலம் பூசுவதை விட்டுவிட்டு, ஈயக் குழாய்களையே முழுதாகப் பிடுங்கி எறிவது என்று 2000-இல் தீர்மானித்தது. சுமார் 8,000 இணைப்புகளை மாற்ற ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆயின. தனியார் நிலத்துக்குள் கிடக்கும் குழாய்க்குப் பொதுக் கட்டணப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் மறுத்தபோது, தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்களின் உச்சியில் செல்பேசி நிறுவனங்களின் ஆன்டெனாக்களை வைக்க இடம் கொடுத்து, அந்த வாடகையிலிருந்து வீட்டுக்காரர்களுக்கு மானியம் வழங்கினார்கள். புதுமை என்று போற்றத்தக்கது இதுதான். விலை உயர்ந்த எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கையிலிருந்த தொட்டியின் உச்சி போதுமானதாக இருந்தது.

அந்த ஆணையம் எழுப்பிய கேள்வி இன்றும் பல ஊர்களை முடக்கி வைத்திருக்கிறது. இணைப்புக் குழாயின் தெருப்பக்கப் பாதி குடிநீர் நிறுவனத்துக்கும், மனைக்குள் இருக்கும் பாதி வீட்டுக்காரருக்கும் உரியது என்பதே பல ஊர்களின் ஏற்பாடு. நிறுவனம் தன் பாதியை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்தால், வெட்டும் அதிர்வில் மீதிக் குழாயின் படலம் உதிர்ந்து ஈய அளவு சிறிது காலம் கூடவே செய்யும். தலைநகர் வாஷிங்டன் 2000-களில் இந்த அரைகுறை மாற்றத்துக்குப் பெரும்பணம் செலவழித்து இதை அறிந்துகொண்டது. முழுதாக மாற்ற வேண்டுமென்றால் வீட்டுக்காரர் தம் பங்குக்குச் சில ஆயிரம் டாலர் தர வேண்டியிருக்கும். கையில் பணம் உள்ளவர் தருவார்; இல்லாதவர் வீட்டுக் குழந்தை ஈயத் தண்ணீரைக் குடிக்கும். வாடகை வீடுகளிலோ குடியிருப்பவருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை, உரிமையாளர் பலர் ஊரில் இருப்பதே இல்லை.

நியூ ஜெர்சியின் நெவார்க் இந்த முடிச்சை ஒரே வீச்சில் அறுத்தது. அந்நகர மக்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். 2019 ஆகஸ்டில், ஈயத்தைப் பிடிக்கத் தரப்பட்ட வடிகட்டிகள் மீதும் ஐயம் எழுந்து பாட்டில் தண்ணீருக்காக மக்கள் வரிசையில் நின்றபோது, எசெக்ஸ் கவுண்டி தன் நல்ல கடன் மதிப்பைப் பயன்படுத்திக் கடன் பத்திரம் வெளியிட்டு 12 கோடி டாலர் திரட்டித் தந்தது. அடுத்த மாதமே நகர மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. உரிமையாளரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் பணியாளர் மனைக்குள் சென்று குழாயை மாற்றலாம். வீட்டுக்காரருக்குச் செலவே இல்லை. வேலை சூடு பிடித்தபோது ஒரே நாளில் 100 இணைப்புகள் வரை மாறின. 10 ஆண்டு எடுக்கும் என்று கருதப்பட்ட வேலை, சுமார் 23,000 குழாய்கள், 3 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ முடிந்தது. நெவார்க் செல்வம் மிக்க நகரமல்ல. அனுமதி, பணம் என்ற இரு தடைகளையும் ஒருசேர அகற்றியதுதான் அதன் வேகத்தின் இரகசியம். பிறகு 2021-இல் மாநிலம் முழுவதும் 10 ஆண்டுகளில் ஈய இணைப்புகளை மாற்ற வேண்டும் என்று நியூ ஜெர்சி சட்டமியற்றியது.

எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் என்ற பதிவேடே இல்லாத ஊர்கள் பல. ஃப்ளின்ட்டில் இருந்தவை கையால் குறிக்கப்பட்ட பழைய வரைபடங்களும் அட்டைகளும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டின் வயது, மதிப்பு, இருப்பிடம் போன்ற தகவல்களையும் ஏற்கெனவே தோண்டிய இடங்களில் கிடைத்த விவரங்களையும் சேர்த்து, எங்கே ஈயம் இருக்கக்கூடும் என்று கணிக்கும் ஒரு கணினி முறையை உருவாக்கினார்கள். அதன் சொற்படி தோண்டிய 2017-இல் சுமார் பத்தில் ஏழு இடங்களில் மாற்ற வேண்டிய குழாய் கிடைத்தது. 2018-இல் பணி ஒரு பெரிய ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வைக்குப் போனபோது அந்தக் கணிப்பு ஓரம் கட்டப்பட்டது. ஒரு வட்டாரத்தில் தோண்டிவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டால் மக்கள் கோபிப்பார்கள் என்ற அரசியல் நெருக்கடியும் அதற்குப் பின்னால் இருந்தது. எல்லாத் தெருவையும் தோண்டியதில் வெற்றி விகிதம் சுமார் 15 விழுக்காட்டுக்குச் சரிந்தது. வழக்கும் உடன்பாடும் நடந்த பிறகே கணிப்பு முறை மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் மக்களின் ஐயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருமுறை பொய் கேட்ட ஊர் கணினியின் சொல்லையும் எளிதில் நம்பாது. ஒரு தெருவை ஏன் தோண்டவில்லை என்பதை வீடுவீடாக விளக்கியிருக்க வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு இருந்தது.

2024 அக்டோபர் 16-க்குள் நாட்டிலுள்ள குடிநீர் நிறுவனங்கள் தங்கள் இணைப்புக் குழாய்கள் எதனால் ஆனவை என்ற பட்டியலைத் தயாரித்துப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது மத்திய விதி. ஈயம் என்றோ 'தெரியாது' என்றோ குறிக்கப்பட்ட வீடுகளுக்குக் கடிதமும் வர வேண்டும். அப்படி வரும் கடிதத்தை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போடும் வீடுகள் ஏராளம். வீட்டுக்குள் குழாய் நுழையும் இடத்தில், பெரும்பாலும் நிலவறையில், ஒரு சாவியால் மெல்லச் சுரண்டிப் பார்க்கலாம். மென்மையாகச் சுரண்டப்பட்டு வெள்ளிபோல் மின்னி, காந்தமும் ஒட்டாவிட்டால் அது ஈயம். காந்தம் ஒட்டினால் எஃகு. செப்புக் காசின் நிறம் தெரிந்தால் செம்பு.

அடுத்து மழைநீர். பெரும்பாலும் வடகிழக்கிலும் பேரேரிகளை ஒட்டியும் அமைந்த சுமார் 700 ஊர்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழையில் குழாய் நிரம்பி, கழிவு நேராக ஆற்றில் கொட்டும். வழக்கமான மருந்து, பூமிக்கடியில் பெரும் சுரங்கம் தோண்டி வெள்ளத்தைத் தேக்குவது. சிகாகோ 1975-இல் தொடங்கிய அத்தகைய திட்டத்தில் சுரங்கங்களின் நீளம் மட்டும் 109 மைல். நீர்த்தேக்கப் பணி இன்னும் நடக்கிறது. எல்லா ஊர்களாலும் அவ்வளவு பணம் போட முடியாது.

பிலடெல்பியா 2011-இல் வேறு கணக்குப் போட்டது. 25 ஆண்டுகளில் சுமார் 10,000 ஏக்கர் கட்டாந்தரையில் விழும் மழையை, மரக்குழிகள், மழைத் தோட்டங்கள், நீர் உறிஞ்சும் தளங்கள் வழியாக மண்ணுக்குள் இறக்குவது என்பது அதன் திட்டம். ஆனால் செடிகளைவிட முக்கியமானது, அதற்கு ஓராண்டு முன் அந்நகரம் கட்டண முறையில் செய்த மாற்றம். அதுவரை மழைநீர்க் கட்டணம் தண்ணீர் மீட்டரைச் சார்ந்திருந்தது. ஒரு குழாய்கூட இல்லாத பரந்த கார் நிறுத்துமிடம், அவ்வளவு மழையைச் சாக்கடைக்குள் தள்ளியும் எதுவும் கட்டவில்லை. 2010 முதல், வீடல்லாத மனைகளுக்கு நீர் இறங்காத தரையின் பரப்பை அளந்து கட்டணம் விதிக்கப்பட்டது. தரையைத் திறந்து நீரை உறிஞ்ச விட்டவருக்குத் தள்ளுபடியும் உண்டு. நியாயமான இந்த ஒரு மாற்றம், நகராட்சி தோண்ட முடியாத தனியார் நிலங்களிலும் மழைத் தோட்டங்களை முளைக்க வைத்தது.

இந்தியானாவின் சவுத் பெண்ட் குழாய்க்குள்ளேயே இடம் தேடியது. ஒரு பக்கம் சாக்கடை பொங்கி வழியும்போது இன்னொரு பக்கக் குழாய் பாதி காலியாகக் கிடக்கும் என்பதை அறிந்து, நோட்ரடேம் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து மேன்ஹோல்களுக்குள் 100-க்கு மேற்பட்ட சென்சார்களை வைத்தார்கள். நீர்மட்டத்தை அவை நொடிக்கு நொடி சொல்ல, வால்வுகள் தாமாகத் திறந்து மூடி வெள்ளத்தை இடமுள்ள குழாய்க்குத் திருப்பின. செயின்ட் ஜோசஃப் ஆற்றில் கொட்டும் கழிவு பெருமளவு குறைந்தது. மழையில்லாத நாள்களில் கொட்டுவது நின்றே போனது. 2011-இல் மத்திய அரசுடன் செய்த உடன்பாட்டின்படி 70 கோடி டாலருக்கு மேல் செலவாகும் என்ற நிலை இருந்தது. சென்சார்கள் தந்த பல ஆண்டுத் தரவை முன்வைத்து, 2021-இல் 30 கோடிக்கும் குறைவான செலவில் அதே நோக்கத்தை எட்டும் புதிய உடன்பாட்டை நகரம் பெற்றது. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

நியூ ஜெர்சியில் தமிழர்கள் பலர் அன்றாடம் இரயில் மாறும் ஹோபோகனும் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ ஒரு சதுர மைலில் 60,000 பேர் நெருங்கி வாழும் அந்நகரின் மேற்குப் பகுதி ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அதைக் குளமாக்கியது. அதன்பின் நகரம் அமைத்த பூங்காக்கள் இரட்டை வேலை செய்கின்றன. 2023-இல் திறந்த 5 ஏக்கர் பூங்கா, அடியிலும் மேற்பரப்பிலுமாக 20 லட்சம் கேலன் வரை மழைநீரைத் தாங்கி, மழை ஓய்ந்தபின் மெல்ல விடும். மற்ற நாள்களில் அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

பாலங்களைப் பொறுத்தவரை பெரிதும் பேசப்படுவது வேகம். மாசசூசெட்ஸின் மெட்ஃபோர்டில் 93-ஆம் நெடுஞ்சாலையின் 14 பாலங்களை 2011 கோடையில் 10 வார இறுதிகளில் மாற்றினார்கள். பாலத் துண்டுகளை ஆலையிலேயே வார்த்துக் கொண்டுவந்து, வெள்ளி இரவு பழையதை இடித்து, திங்கள் காலை அலுவலகம் செல்வோருக்குப் புதியதைத் திறந்துவிட்டார்கள். பழைய முறையில் இது 4 ஆண்டு வேலை. பாராட்ட வேண்டிய சாதனைதான். ஆனால் பிட்ஸ்பர்க்கின் ஃபெர்ன் ஹாலோ பாலத்தையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். 2022 ஜனவரி 28 அதிகாலை அது ஒரு பேருந்தோடும் சில கார்களோடும் பள்ளத்தில் விழுந்தது. உயிரிழப்பு இல்லாதது நற்பேறு. கட்டமைப்பு பற்றிப் பேச அதிபர் பைடன் அந்நகருக்கு வரவிருந்த நாள் அது. ஓராண்டுக்குள் புதிய பாலம் எழுந்துவிட்டது. பழைய பாலம் விழுந்த காரணத்தைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது தெரிந்தது, வடிகால்கள் அடைத்து, உப்பு நீர் தேங்கி, எஃகுத் தூண்கள் அரித்துப் போயிருந்தன என்பது. ஆண்டுதோறும் ஆய்வறிக்கைகள் அதைச் சுட்டிக்காட்டின, செயல்தான் இல்லை. சில தொழிலாளர்கள் மண்வெட்டியோடு சென்று செய்திருக்கக்கூடிய வேலையைத் தவறவிட்டதன் விலை, 2.5 கோடி டாலர் செலவில் ஒரு புதிய பாலம். திறப்பு விழா இல்லாத பணிக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் கிடைக்காதது அமெரிக்க ஊர்களின் ஆழ்ந்த நோய்.

இணையமும் இன்று குழாய், சாலை போன்றதே. டென்னஸியின் சாட்டனூகாவில் நகரத்துக்குச் சொந்தமான மின்வாரியம், மின்வெட்டைத் தானாகச் சரிசெய்யும் ஸ்விட்ச்களை இணைக்கக் கண்ணாடி இழைக் கம்பி போட்டது. அதே கம்பியில் வீடுகளுக்கு இணையமும் தந்தது. கடன் பத்திரத்தோடு 2009-இல் கிடைத்த 11.15 கோடி டாலர் மத்திய மானியமும் உதவியது. கேபிள் நிறுவனங்கள் வழக்குத் தொடுத்துத் தோற்றன. 2010-இல் வாரியத்தின் பகுதி முழுவதும் ஒரு கிகாபிட் வேகம் கிடைத்தது. நாட்டில் வேறெந்த நகரிலும் அப்போது அது இல்லை. 2020-இல் பள்ளிகள் மூடியபோது, ஏழை மாணவர் வீடுகளுக்கு வாரியமும் பள்ளி நிர்வாகமும் கவுண்டியும் சேர்ந்து இலவச இணைப்புத் தர முடிந்தது இந்தக் கம்பியால்தான். அதே சேவைக்காக ஏங்கும் பக்கத்துக் கிராமங்களுக்கு மாநிலச் சட்டம் கதவை மூடி வைத்திருப்பது வருத்தத்துக்குரியது. மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 2015-இல் அதைத் திறக்க முயன்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் அந்த முயற்சியைத் தள்ளிவிட்டது. கென்டக்கியின் லூயிவில் நகரமோ 2017-இல் கூகுள் ஃபைபரை வரவேற்றது. செலவைக் குறைக்கச் சாலையில் சில அங்குலமே கீறிக் கம்பி பதித்தார்கள். கம்பி வெளியே தலைநீட்டியது. 2019-இல் நிறுவனம் வெளியேறி, சாலையைச் சீர்செய்ய 38.4 லட்சம் டாலர் கொடுத்தது. பிழை நடந்தால் ஊரை விட்டுப் போக முடியாத அமைப்பிடம் கம்பி இருப்பதன் மதிப்பு இந்த இரு நகரங்களின் வேறுபாட்டில் தெரிகிறது.

பணம் திரட்டுவதிலும் சோதனைகள் நடந்தன. வாஷிங்டனின் குடிநீர் வாரியம் 2016-இல் 2.5 கோடி டாலர் கடன் பத்திரத்தை விளைவோடு பிணைத்து வெளியிட்டது. மழைத் தோட்டங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நீரை உறிஞ்சினால் முதலீட்டாளருக்குக் கூடுதல் தொகை. மிகக் குறைவாக உறிஞ்சினால் அவர்கள் வாரியத்துக்கு ஈடு தர வேண்டும். அளந்து பார்த்தபோது எதிர்பார்த்த வரம்புக்குள்ளேயே நின்றது. யாரும் யாருக்கும் கூடுதலாகத் தரவில்லை. புதிய முறையைச் சோதிக்கும் இடர் முழுவதும் கட்டணம் செலுத்தும் குடும்பங்களின் தலையில் விழாமல் பார்த்துக்கொண்டது நல்ல முன்மாதிரி.

பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற முடிவிலும் சோதனை நடந்தது. சிகாகோவின் 49-ஆம் வார்டு உறுப்பினராக இருந்த ஜோ மூர் 2009-இல் தம் வார்டுக்கு ஆண்டுதோறும் வரும் சுமார் 13 லட்சம் டாலர் கட்டமைப்பு நிதியை எப்படிச் செலவிடுவது என்பதைக் குடியிருப்போரின் வாக்கெடுப்புக்கு விட்டார். பிரேசிலில் பிறந்த இந்த முறையை அமெரிக்காவில் பொதுப்பணத்துக்கு முதலில் பயன்படுத்தியவர் அவரே. 16 வயது நிரம்பிய எவரும் வாக்களிக்கலாம், குடியுரிமை கேட்கப்படவில்லை. 2008-இல் திவாலான கலிபோர்னியாவின் வலேஹோ, 2012-இல் தன் விற்பனை வரியின் ஒரு பகுதிக்கு இதையே நகரம் முழுவதும் கடைப்பிடித்தது.

குடியுரிமை கேட்காதது தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி. கிரீன் கார்டு வரிசையில் பத்தாண்டுக்கு மேலாக நிற்பவர்கள் சொத்து வரி கட்டுகிறார்கள், தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறார்கள், பிள்ளைகளை அந்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். வாக்குரிமை இல்லை என்பதால் நகர மன்றத்தின் பக்கம் போகாமலே பலர் இருந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் பேச வாக்குரிமை தேவையில்லை. நியூ ஜெர்சியின் திறந்த கூட்டச் சட்டப்படி நகர மன்றமும் பள்ளி வாரியமும் ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். கலிபோர்னியாவின் 1953-ஆம் ஆண்டுப் பிரவுன் சட்டம், கூட்டத்துக்கு வருபவரிடம் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும் என்றும் அது விதிக்கிறது. மூலதனத் திட்டம், தண்ணீர்க் கட்டண உயர்வு, பாலங்களின் ஆய்வறிக்கை, ஈயக் குழாய் மாற்றத்தின் கால அட்டவணை ஆகியவை அந்த நிரலில்தான் வருகின்றன.